சத்தமில்லாமல் இறங்கிய வண்டி

இதை நம் வயதுக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன். சின்னவர்களுக்கு விளங்காது. என் மகன் போன மாதம் வாங்கிய காரில் கிளட்ச் கிடையாது. கியரைத் தொடவே வேண்டாம், எல்லாம் தானாக மாறிக்கொள்ளுமாம். அதில் உட்கார்ந்தால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரிவதில்லை. அவ்வளவு அமைதி. "எப்படிம்மா இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். கேம்ப் ரோடு வரை போய்த் திரும்புவதற்குள் உள்ளங்கை இரண்டும் வியர்த்து நனைந்துவிட்டன. சத்தமில்லாத வண்டி எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று அவனிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. சேலையூர் அப்போது ஊர் என்று சொல்லும்படி இல்லை. ஏரி, பனைமரங்கள், சவுக்குத் தோப்பு, நடுவே எங்களைப் போல் மனை வாங்கி வந்த சில குடும்பங்கள். அப்பா தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்தார். அம்மா பள்ளி ஆசிரியை. அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் படித்தான், நான் அவனைவிடச் சின்னவள். விமானப்படை விமானங்கள் தலையை உரசுவதுபோல் தாழப் பறக்கும். பல்லாவரம் பக்கம் கல்குவாரியில் வேட்டு வைத்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். எந்தச் சத்தத்துக்கும் நாங்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் அப்பா ஒரு கார் வாங்கினார். கறுப்பு நிறம். குவாரி காண்ட்ராக்டர் ஒருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். திரும்பும்போது கதவுக்குப் பக்கத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் சின்னக் கை ஒன்று எட்டிப் பார்க்கும். இந்தக் காலத்தில் அதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெயிலில் நிறுத்திவிட்டு ஏறினால் ரெக்ஸின் இருக்கை தொடையில் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது தோலை உரிக்கும். பெட்ரோல் வாசனையும் பழைய ரெக்ஸின் வாசனையும் கலந்து வரும் அந்த நெடி எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது.

அப்பா அழகாக ஓட்டுவார். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை கியர் கம்பியின் மேல். நண்பனின் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. இடது கால் எப்போதும் கிளட்சின் மேலேயே இருக்கும். ஹாண்ட் பிரேக் வேலை செய்யாது. அதைச் சரிபார்க்க அவருக்கு நேரமில்லை. பின் சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிய ஒரு கருங்கல் எங்களோடு எங்கும் வந்தது. மேடான இடத்தில் நிறுத்தினால் அதைச் சக்கரத்துக்கு அண்டக் கொடுப்போம். கிளட்சைத் தேய்ப்பது, கியர் கம்பியில் கையைத் தொங்கவிடுவது, பிரேக்குக்குப் பதில் கல்லை நம்புவது, இவையெல்லாம் கெட்ட பழக்கங்கள் என்று இப்போது தெரியும். அப்போது அதுதான் ஸ்டைல். உறவுக்காரர்கள் எல்லோரும், "அவர் வண்டில ஏறினா தூங்கிட்டு வரலாம்" என்பார்கள். தூங்கியும் வந்தார்கள்.

ஆனால் அப்பாவுடைய பெரிய வித்தை வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பல்லாவரம் போவோம். அங்கிருந்து வீடு திரும்பப் பெரிய சாலையில் நேராகத் தாம்பரம் வந்து சேலையூருக்குத் திரும்ப வேண்டும். அப்பா அந்த வழியே வரமாட்டார். குன்றுப் பக்கம் ஏறி, குவாரி ஓரமாகக் கீழ்க்கட்டளைக்கு இறங்கி, மேடவாக்கத்தைச் சுற்றிக்கொண்டு வருவார். கேட்டால், "பெட்ரோல் மிச்சம்" என்பார். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காக ஊரைச் சுற்றிய குடும்பம் மதராஸிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

குவாரி ஓரத்து மேட்டில் ஏறியதும் அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார். பிறகு சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுவார். "பூமி சும்மா இழுக்குது. அதுக்குப் போயி நாம எதுக்கு பெட்ரோல் ஊத்தணும்?" அத்தனை சத்தமும் ஒரே நொடியில் அறுந்துபோகும். அதற்குப் பிறகு சக்கரத்துக்கு அடியில் ஜல்லி நொறுங்குவது கேட்கும், ஜன்னலில் காற்று கேட்கும், அம்மாவின் வளையல் கேட்கும். யாரும் பேசக் கூடாது என்பது விதி. எங்கே போய் நிற்கும் என்று நானும் அண்ணனும் பந்தயம் கட்டுவோம். மதகுவரை வந்தால் சுமார், டீக்கடைவரை வந்தால் அபாரம். ஒரு தடவை டீக்கடையையும் தாண்டி வந்துவிட்டது, அப்பா தன் தொடையில் தானே தட்டிக்கொண்டார்.

கீழே இறங்கி நின்றதும் சக்கரங்களிலிருந்து கருகல் வாசனை வரும். பிரேக் சூடேறி வருகிற வாசனை அது. வண்டி களைத்துப் போய் மூச்சு வாங்குகிறது என்று அப்பா சொல்வார், நாங்கள் சிரிப்போம். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிட்டால் அந்த வண்டியில் ஹாரனும் அடிக்காது. அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

யாரும் என்றா சொன்னேன்? தப்பு. அம்மா நினைத்தாள். இறங்கும்போது அவளுடைய ஒரு கை கதவையும் இன்னொரு கை என் முழங்காலையும் பிடித்திருக்கும். ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டாள்.

"என்ஜினை நிறுத்தாம இறங்கினா என்ன? வேணும்னா மெதுவா கியர்ல போகலாமே."

"உனக்கு பிசிக்ஸ் தெரியாது. தெரியாத விஷயத்துல பேசக் கூடாது."

"ரோட்ல நடந்து போறவளுக்கும் பிசிக்ஸ் தெரியாதுங்க."

அப்பா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்களும் அப்பா கட்சிதான். அம்மாவுக்குப் பயம், அவ்வளவுதான் என்று நினைத்தோம். பயந்தவர்களைக் கேலி செய்வது அந்த வீட்டில் ஒரு விளையாட்டு.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. கீழ்க்கட்டளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அதற்குத் தலைமை ஆசிரியையாக வர முடியுமா என்று தாளாளர் கேட்டார். அம்மா எத்தனையோ வருஷம் மற்றவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவள். கீழ்க்கட்டளையில் பெண் பிள்ளைகள் நாலாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள், அவர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டி வர வேண்டும் என்று அவளே ஒரு திட்டம் வைத்திருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசுவாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இடைஞ்சல் ஒன்றுதான். சேலையூரிலிருந்து கீழ்க்கட்டளைக்கு நேர் பஸ் இல்லை. இரண்டு பஸ் மாறி, இறங்கி நடந்து போனால் முதல் மணி அடித்து முடிந்திருக்கும். அப்பா கல்லூரிக்குச் சைக்கிளில்தான் போவார். வாரம் முழுக்கக் கார் கொட்டகையில் தூங்கும். விருந்தாளிகள் முன்னிலையில் அப்பா சிரித்துக்கொண்டே, "காரை ஓட்டிக்கிட்டுப் போறதா இருந்தா தாராளமா போ. என் பர்மிஷன் உண்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே பின்வீட்டு ஆன்ட்டியிடம் போனாள்.

பின்வீட்டு ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கணவர் ரயில்வே கார்டாக இருந்து காலமானவர். பூப்போட்ட கவுன், வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட். யுத்த காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவராம். பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பார். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

"பர்ஸ்ட், ஹாண்ட் பிரேக். ஐயோ, இதுக்கு ஹாண்ட் பிரேக்கே இல்லையா? அதை ரிப்பேர் பண்ணாம நான் சொல்லிக்குடுக்க மாட்டேன்."

அம்மாவே மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரிசெய்தாள்.

"கியர் கம்பியை ஆட்டிப் பாரு. நியூட்ரல்ல இருக்குதா? அப்புறம்தான் சாவி. கியர் போட்டாச்சா, கையை எடு. அது என்ன, உன் ஹஸ்பண்ட் கையா? கிளட்ச்சை விட்டாச்சா, காலை எடுத்துக் கீழே வை. எந்த கியர்ல மேட்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கணும். என்ஜின் பிடிச்சுக்கும். பிரேக்குக்கு வேலை கம்மி."

"எனக்குக் கை நடுங்குது ஆன்ட்டி."

"குட். நடுங்குறவதான் ஒழுங்கா ஓட்டுவா. நடுங்காதவங்களைப் பார்த்தாத்தான் எனக்கு பயம்."

அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்தாள். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையே தேறினாள். "பொம்பளைன்னு பாவம் பார்த்து குடுத்திருப்பான்" என்றார் அப்பா. அம்மா ஓட்டினால் வண்டி கத்தும். மேட்டில் ஏறும்போதும் கத்தும், இறங்கும்போதும் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே இறங்கும். வளைவுக்கு வளைவு ஹாரன். சித்தப்பா குடும்பம் ஒரு நாள் அம்மாவோடு வண்டியில் வந்தது. சித்தி வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினாள், இறங்கியதும் "ஸ்தோத்திரம்" என்றாள். அந்தக் கதையை அடுத்த வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் சொல்லிச் சிரித்தார்கள். அம்மா ஓட்டினால் ஆபத்து என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அத்தனை பெரியவர்களுக்கும் எப்படி அது தலைகீழாகத் தெரிந்தது?

ஒரே ஒருத்தி மட்டும் அம்மா கட்சி. எங்கள் வீட்டுக்குக் கீரை கொண்டுவரும் பெண். கீழ்க்கட்டளைக்காரி. விடிவதற்கு முன்னால் கிளம்பித் தலையில் கூடையோடு ஊர் ஊராக நடப்பாள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கூடை கனத்தால் கழுத்தைத் திருப்ப முடியாது, கண் நேரே பார்த்தபடிதான் வருவாள். ஆனால் பின்னால் சைக்கிள் வந்தால்கூடக் காதை வைத்தே ஒதுங்கிக்கொள்வாள்.

"இன்னா டீச்சரம்மா, நேத்து நம்ம ஊரு ரோட்ல வண்டி வுட்டுக்கினு வந்தியே!"

"பார்த்தியா நீ?"

"எங்க பாக்கறது? தலைல கூடை. சத்தம் கேட்டுச்சு. டீச்சரம்மா வண்டி வந்துகினு கீதுன்னு ஓரமா ஒதுங்கிக்கினேன். ஐயா வண்டிதான் பேஜாரும்மா. பேய் மாறி வருது. அன்னிக்கு என் முதுகாண்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. உசுரு போய் வந்துச்சு."

அம்மா உள்ளே வந்து இதை அப்பாவிடம் அப்படியே சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா செய்தித்தாளை மடிக்காமலே, "ரோட்டுக்கு நடுவுல நடந்தா அப்படித்தான்" என்றார். அம்மா கீரையை ஆய உட்கார்ந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிறு. மறுநாள் அம்மா கீழ்க்கட்டளையில் பொறுப்பேற்க வேண்டும். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை ஒன்றை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். காலையில் அவளே ஓட்டுகிறேன் என்று கேட்டாள். "நாளைலேருந்து நீதானே ஓட்டப்போறே. இன்னிக்கு நான்" என்றார் அப்பா. நியாயமாகத்தான் பட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்க்காற்று. தார் இளகி நெடி அடித்தது. குவாரிக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் வேட்டுச் சத்தமும் இல்லை, லாரிச் சத்தமும் இல்லை. ஒரு பக்கம் பாறையை வெட்டி எடுத்த பெரும் பள்ளம், அதன் அடியில் பச்சையாகத் தண்ணீர். இன்னொரு பக்கம் ஜல்லிக் குவியல்கள் சாலையின் ஓரத்தை அடைத்துக்கொண்டிருந்தன. மேட்டில் ஏறியதும் அப்பா கியரைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினார். அம்மா, "வேண்டாங்க. இன்னிக்கு ஒரு நாளாவது வேண்டாம்" என்றாள். அப்பா உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பேசக் கூடாது என்பது விதி.

வண்டி இறங்கியது. அண்ணன் டீக்கடை என்றான், நான் மதகு என்றேன். வளைவு திரும்பியதும் கீரைக்காரியைப் பார்த்தோம். சாலையின் நடுவே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் கூடையோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஓரத்தில் நடக்க வழியே இல்லை, ஜல்லி. அப்பா ஹாரனை அழுத்தினார். அழுத்தினார், அழுத்தினார், சத்தமே வரவில்லை. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். காற்று எங்கள் பக்கமாக அடித்ததால் என் குரல் அவளுக்குப் போயிருக்காது. பிரேக்கை மிதித்ததும் வண்டி ஜல்லிப் பொடியில் வழுக்கியது. கியரில் இல்லாத வண்டி, பிடித்து நிறுத்த என்ஜினும் இல்லை. கடைசி வரைக்கும் அவள் திரும்பவே இல்லை.

முதலில் கீழே இறங்கியது அம்மாதான். சாலை முழுக்க அரைக்கீரையும் முளைக்கீரையும் சிதறிக் கிடந்தன. கீரைக்காரி ஒரு பக்கமாக மடங்கி விழுந்திருந்தாள். கண் மூடியிருந்தது, மூச்சு இருந்தது. இடுப்புக்குக் கீழே கால் இருக்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. அம்மாவும் அண்ணனும் அவளைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். தலை என் மடியில். அப்பா இறங்கவே இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தன.

"கிளம்புங்க" என்றாள் அம்மா.

அப்பா சாவியைத் திருப்பிக் கியர் போட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி குதித்து நின்றது. கிளட்சின் மேலிருந்த கால் தந்தி அடித்தது. ஊருக்கெல்லாம் ஓட்டிக் காட்டிய அந்தக் காலால் அப்போது ஒரு தடவை ஒழுங்காக மிதிக்க முடியவில்லை.

"தள்ளி உக்காருங்க."

அம்மா அப்பாவிடம் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. அப்பா நகர்ந்தார். அம்மா உட்கார்ந்து ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள், கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். சாவி. கியர். ஹாண்ட் பிரேக்கை விட்டாள். அவள் கை நடுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன், ஆனால் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே சரிவில் இறங்கினோம். மேடவாக்கம், சேலையூர், தாம்பரம் ரயில்வே கேட், எல்லாம் தாண்டும்வரை அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் விலகி வழிவிட்டன. பள்ளத்தில் இறக்கி மேட்டில் ஏற்றியபோதுகூட மடியில் இருந்த தலை அசையவில்லை. அவ்வளவு பதமாக ஓட்டினாள். என் அம்மாவைவிட நன்றாகக் கார் ஓட்டிய ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

வழியில் கீரைக்காரிக்குக் கண் திறந்தது. முன் சீட்டைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா... நீயா?"

அம்மா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வண்டியா தாயே? சத்தமே கேக்கலியே."

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மறுபடி மயக்கமாகிவிட்டாள்.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மாவின் புடவை முழுக்க ரத்தம். ஒரு போலீஸ்காரர் வந்து, "ஆரு சார் ஓட்டுனது?" என்று கேட்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஆள் முந்திக்கொண்டு, "இந்தம்மாதான் சார் ஓட்டிக்கினு வந்துச்சு, நான் பாத்தேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னான்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பேசுங்கள் என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை, சும்மா பார்த்தாள். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். போட்டுக்கொண்டார். பிறகு போலீஸ்காரரிடம் இங்கிதமாக, கல்லூரிக் குரலில் சொன்னார்:

"போன மாசம்தான் லைசென்ஸ் எடுத்தாங்க."

அதுவும் பொய் இல்லை. யோசித்துப் பாருங்கள், அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. போலீஸ்காரர் தலையை ஆட்டி, "பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு சார் இதெல்லாம்" என்றார். அம்மா வாசல் படியில் உட்கார்ந்தாள். அவள் அப்போது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ வருஷம் அவள்மேல் எனக்குக் கோபம். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன் என்று ஒரு பௌதிகப் பேராசிரியர் கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டிவந்தால் அவருடைய வேலை போகும், மானம் போகும், எங்கள் சோறும் போகும். அம்மா அதைக் கணக்குப் போட்டிருப்பாள். அல்லது அவர் எப்படியும் சொல்லிவிடுவார் என்று காத்திருந்து, காத்திருந்து, நேரம் கடந்துவிட்டது போலும். எங்களை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கேட்கிற வழக்கம் அப்போது கிடையாது.

கொடியில் தொங்கிய வெள்ளைப் புடவையை மறுநாள் அம்மா மடித்து உள்ளே வைத்தாள். அந்த வாரமே தாளாளர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார், ஜெபம் செய்தார். அடிபட்டவள் அந்த ஊர்ப் பெண், அவளை அடித்தவர் என்று பெயரெடுத்துவிட்ட ஒருவரைத் தலைமை ஆசிரியையாக அந்த ஊருக்கே அனுப்ப முடியாது, புரிந்துகொள்ள வேண்டும் என்றார். அம்மா புரிகிறது என்றாள். அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கோர்ட்டில் அம்மா குற்றத்தை ஒப்புக்கொண்டாள், லைசென்ஸ் பறிபோனது. சித்தி எல்லோரிடமும், "நான் அன்னைக்கே ஜெபம் பண்ணினேன்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பின்வீட்டு ஆன்ட்டி மட்டும் ஒரு நாள் வேலியருகே அம்மாவை நிறுத்தி, "நீயா? ஐ டோன்ட் பிலீவ் இட்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வருஷம் ஆன்ட்டி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து போய்விட்டார்.

கீரைக்காரி பிழைத்தாள். இடுப்பு எலும்பு ஒன்று சேரவே இல்லை. தலைச்சுமை தூக்க முடியாமல் கேம்ப் ரோட்டு முனையில் கோணியை விரித்து உட்கார்ந்து கீரை விற்றாள். அம்மா தினமும் அவளிடம்தான் வாங்குவாள். கூடப் போகும்போதெல்லாம் நான் காதால் கேட்டிருக்கிறேன். "போனா போவுது டீச்சரம்மா. வோணும்னா இடிச்சே? அழுவாத, வூட்டுக்குப் போ" என்பாள் அவள். அடித்தவளை அடிபட்டவள் தேற்றுகிறாள் என்று ஊர் நெகிழ்ந்தது. எனக்கு அந்தக் கோணி முன்னால் நிற்பதே நரகமாக இருந்தது.

அப்பா கடைசி வரைக்கும் கார் ஓட்டினார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கியதில்லை, குவாரிச் சாலைப் பக்கம் போனதும் இல்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழாது. அவர் காலமான அன்று அவருடைய பழைய மாணவர் ஒருவர் எழுந்து, வாழ்க்கையில் ஒரு பிழை, ஒரு விபத்து இல்லாமல் வாழ்ந்தவர் என்று பேசினார். அண்ணன் அழுதான். அந்த அண்ணன் இப்போது தன் பேரப்பிள்ளைகளிடம், "எங்கம்மா ஒரு தடவை கார்ல ஆளையே இடிச்சுட்டாங்க, தெரியுமா?" என்று கதை சொல்கிறான். அவனும் அந்தக் காரில்தான் இருந்தான். வேண்டுமென்று மாற்றிச் சொல்கிறானா என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. அவன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருந்தாள். கடைசிவரை நினைவு தப்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வருகைப் பட்டியலை வரிசையாகச் சொல்லக்கூடியவள். ஒரு நாள் மத்தியானம், அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. இனி யாருடைய மானமும் போவதற்கில்லை. அவள் வாயிலிருந்து ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

"அம்மா, அன்னிக்கு குவாரி ரோட்ல ஓட்டினது அப்பாதானே?"

அம்மா திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, மறைப்பும் இல்லை.

"என்னடி உளர்றே? நான்தானே ஓட்டினேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, மெல்லச் சொன்னாள்:

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. நான் வர்றது அந்தப் பொண்ணுக்கு ஏன் கேக்கலை?"